மொரிசியஸா, தென்னாப்பிரிக்காவா?

தெள்ளார், வந்தவாசி, ஆரணி எல்லாம் வடஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், அந்த மாவட்டத்துக்காரர்கள் ஏராளமானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. மொரிசியஸுக்கு 1834 முதலே ஆள் பிடித்தார்கள். இரண்டு இடத்திலும் கரும்புக்காட்டு வேலைதான். இரண்டு நாட்டிலும் அவர்கள் வம்சத்தார் இன்றும் காவடி எடுக்கிறார்கள். மொரிசியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை; அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு.

சரி, இன்றைக்கு இந்த இரண்டில் எந்த நாட்டில் வாழ்க்கை மேல்? அளவில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தென்னாப்பிரிக்காவில் 6 கோடிக்கு மேல் மக்கள். மொரிசியஸில் சுமார் 12.5 லட்சம், அதாவது நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பாதி. ஆனாலும் ஒப்பிட வழி இருக்கிறது.

ஐ.நா. 1990 முதல் வெளியிடும் மனித வளர்ச்சிக் குறியீடு ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கியது. அமர்த்தியா சென்னும் துணை நின்றார். ஆயுள் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். 20 வயதைப் பூச்சியம், 85ஐ முழு மதிப்பெண் என்று வைக்கிறார்கள். மொரிசியஸில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 75. இருபதைக் கழித்தால் 55; அதை 65ஆல் வகுத்தால் 0.85. தென்னாப்பிரிக்காவில் 66 என்று கொண்டால் 0.71தான் வருகிறது. எச்.ஐ.வி. பரவியபோது 2000களின் நடுவில் அங்கே ஆயுள் 55க்கும் கீழே போயிருந்தது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே மீண்டது. அவ்வளவு பெரிய சரிவிலிருந்து எழுந்ததைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

மூன்றையும் சேர்த்தால் மொரிசியஸ் 0.80ஐ ஒட்டியும் தென்னாப்பிரிக்கா 0.74ஐ ஒட்டியும் நிற்கின்றன. வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். படிப்பில் தென்னாப்பிரிக்காதான் முந்துகிறது: அங்கே பெரியவர்கள் சராசரியாகப் பள்ளியில் கழித்த ஆண்டுகள் பதினொன்றுக்கு மேல், மொரிசியஸில் பத்தை ஒட்டி. ஆனால் இந்த எண் ஆண்டுகளைத்தான் எண்ணுகிறது, என்ன கற்றார்கள் என்று கேட்பதில்லை. 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், தென்னாப்பிரிக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் படித்ததன் பொருளைச் சொல்ல முடியவில்லை. என்னை மிகவும் வருத்தும் எண் இதுதான்.

வருமானத்தில் சராசரியே கண்ணைக் கட்டிவிடும். பத்து வீட்டுத் தறித்தெரு ஒன்றில் ஒன்பது பேர் மாதம் 10,000 ரூபாய் கூலி வாங்குகிறார்கள், பத்தாவது வீட்டு முதலாளிக்கு 2,10,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் சராசரி 30,000! ஒன்பது வீட்டில் அந்தப் பணத்தை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் நிலை அதுதான். ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண் 2014 கணக்கில் அங்கே 0.63, உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. மொரிசியஸில் 0.37. ஏற்றத்தாழ்வைக் கழித்துவிட்டுக் குறியீட்டை மறுபடி கணக்கிட்டால் தென்னாப்பிரிக்கா மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. மொரிசியஸ் இழப்பது ஆறில் ஒரு பங்கு அளவுதான். நிறவெறிக் காலத்தில் பறிபோன நிலமும் பள்ளியும் 1994இல் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்ததும் திரும்பி வந்துவிடவில்லை. வேலை தேடுவோரில் மூன்றில் ஒருவருக்கு அங்கே வேலை இல்லை. ஆண்டுக்கு 25,000 அளவில் கொலைகள் நடக்கின்றன. பொழுது சாய்ந்தபின் பெண் தனியாக வீடு திரும்பும் பயம் இந்தக் குறியீட்டில் ஏறுவதில்லை.

மொரிசியஸ் உருப்படாது என்று 1961இல் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் கருதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் அந்நாடு 1970இல் ஏற்றுமதித் தொழில் மண்டலம் தொடங்கியது; ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போனார்கள். 1977இல் மேல்நிலைப் பள்ளிவரை கட்டணமில்லாக் கல்வி வந்தது. வருமானம் பார்க்காமல் முதியோருக்கு ஓய்வூதியம் தரும் முறை 1958இலேயே வந்தது. குறையும் இருக்கிறது: பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், சாப்பாட்டுப் பொருளில் பெரும்பகுதி இறக்குமதி. இருந்தாலும் சாதாரணக் கூலிக்காரர் குடும்பத்துக்கு மொரிசியஸ்தான் மேல் என்பது என் முடிவு.

அது அந்நாட்டுக் குடிமக்களுக்குப் பொருந்தும் கணக்கு. மொரிசியஸ் ஆடை ஆலைகளில் இப்போது இந்தியர், வங்கதேசத்தார் பலர் ஒப்பந்த வேலையில் இருக்கிறார்கள். ஆலைக்காரர் தரும் தங்குமிடத்தில் கூட்டமாகத் தங்குகிறார்கள். அவர்கள் வாழ்க்கையை நாட்டின் சராசரி சொல்லாது. தெள்ளாரிலிருந்து யாராவது அங்கே கிளம்புவதானால், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் தனியா, சாப்பாட்டுக்குப் பிடித்தம் உண்டா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.