45 நிமிடப் பக்கம்

1970களின் தொடக்கத்தில், நியூயார்க்கை அடுத்த ஃபயர் ஐலண்டில் ஆடுகிறவர்களை டாம் மோல்டன் கவனித்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். ஆட்டம் சூடு பிடிக்கும்போதே கூட்டம் கலையும். அவர் டிஜே அல்ல. ஆனாலும் இடைவெளியே இல்லாமல் பாட்டோடு பாட்டு சேர்ந்து ஓடும் 45 நிமிட நாடா ஒன்றைத் தயாரித்தார். அதற்கு 80 மணி நேரம் பிடித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1975இல் வந்த குளோரியா கெய்னரின் ‘நெவர் கேன் சே குட்பை’ ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க மூன்று பாட்டுகளை ஒரே ஓட்டமாக அவர் இணைத்தது இதன் தொடர்ச்சிதான்.

பாட்டுகளை இப்படி இணைத்துப் பொழுதுபோக்காக மிக்ஸ் செய்கிறவருக்கு அந்த 80 மணி நேரம் இன்று ஒரு மாலைப்பொழுது.

இடையில் வேறொரு காலம் இருந்தது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் 1979இல் வந்தது. அதன் பிட்ச் கட்டையைத் தள்ளி வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். ஒரு காதில் ஹெட்போன் வழியே அடுத்த பாட்டு, மறு காதில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு. இரண்டின் டிரம் அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) பாட்டை 128க்கு ஏற்றினால் சுருதியும் அரை ஸ்வரத்துக்கு மேல் ஏறும், பாடகியின் குரல் கீச்சிடும். அதனால் வேகத்தில் தூரமான இரண்டு பாட்டுகள் அருகருகே வரவே முடியாது. எதற்குப் பின் எது என்பதில் பாதியை இயந்திரமே தீர்மானித்தது.

மீதியைக் கேசட் தீர்மானித்தது. 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். கேட்கிறவர் எழுந்துவந்து புரட்டிப் போட வேண்டுமே! ஆகவே முதல் பக்கம் உச்சத்தில் நிற்கும், இரண்டாவது அடக்கமாகத் தொடங்கும். 40ஆவது நிமிடத்தில் சறுக்கினால் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும் என்பதால், வரிசை மனப்பாடமான பிறகே ரெக்கார்டு பொத்தானில் கை போகும்.

இன்றைய மென்பொருளில் சிங்க் பொத்தான் அடிகளை நொடியில் சேர்க்கிறது. வேகம் மாறினாலும் சுருதி நிற்கிறது, குரலையும் டிரம்மையும்கூடத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். சிங்க்கை இழிவாகப் பேசும் பழையவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடி சேர்ப்பது காதுக்கு அருமையான பயிற்சி, ஆனால் அதுவே மிக்ஸ் ஆகிவிடாது. என் கவலை வரிசையைப் பற்றியது. இப்போது வீடுகளில் உருவாகும் மிக்ஸ்கள் பலவற்றில் முதல் பாட்டே 128இல் இடிக்கிறது, பத்தாவதும் அதே இடி. இணைப்புகளில் பிசிறே இல்லை. ஆனால் ஏற்றமோ இறக்கமோ இல்லாததால் பாதியிலேயே காது களைத்துப்போகிறது.

எல்லையை இனி நாமே போட்டுக்கொள்ள வேண்டும். 60 நிமிடம், பன்னிரண்டு பாட்டு போதும். கடைசிப் பாட்டை முதலில் முடிவு செய்யுங்கள். உச்சத்தை 40ஆவது நிமிடத்தை ஒட்டி வைத்து, அதற்கு முன் ஒரு பாட்டு நேரம் டிரம்மை அடக்கி மூச்சு வாங்க விடுங்கள். தொடக்கம் 118, 120இல் இருந்தால்தான் மேலே ஏற இடமிருக்கும். நடனப் பாட்டுகள் பெரும்பாலும் 32 அடிக்கு ஒருமுறை திரும்பும். அடுத்த பாட்டு அந்தத் திருப்பத்தில் நுழையட்டும். தப்பிய இடத்தில் நுழைந்தால், அடி பிசகாமலே ஒரு குரல்மேல் இன்னொரு குரல் ஏறி இரண்டும் கெடும்.

ஒரே மூச்சில் பதிவு செய்யுங்கள். மறுநாள் திரையைப் பார்க்காமல், நடந்துகொண்டே கேளுங்கள். அடுத்த பாட்டுக்குத் தாவிவிடலாமா என்று எங்கே தோன்றுகிறதோ, அங்கே வரிசையை மாற்றுங்கள்.