தசையும் சர்க்கரையும்

தாமிரவருணியோடு கலக்கும் ஆறுகளுள் ஒன்று சிற்றாறு. அதன் துணையாறாகிய அனுமன் நதியின் கரையில், தென்காசிக்கு அருகே அமைந்த ஊர் ஆய்க்குடி. இவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விபத்துக்குள்ளானார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் ஊறுபட்டது, கைகால்கள் செயலிழந்தன. ஆயினும் அவர் உளந்தளரவில்லை. தமக்கு மருத்துவம் செய்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தண்டுவட ஊறுற்றோர்க்கு அங்குப் பயிற்சியும் மறுவாழ்வும் அளிக்கப்படுகின்றன. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இத்தகையோர்க்கு உடற்பயிற்சி ஏன் இன்றியமையாதது? மூளையின் கட்டளைகளைத் தசைகளுக்குக் கொண்டு செல்வது தண்டுவடம். அது அறுபட்டால் உறுப்புகள் அசைவற்றுப் போவதை யாவரும் காண்பர். கண்ணுக்குப் புலனாகாத கேடு ஒன்றும் உடன் தொடங்குகிறது.

உண்ட சோறு செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. ஆற்றுநீர் கால்வழியே சென்று குளங்களில் நிறைவதுபோல, அச்சர்க்கரையின் பெரும்பகுதி தசைகளில் சென்று தங்குகிறது. குளத்து மடையைத் திறப்பதுபோலத் தசையின் வாயிலைத் திறப்பது, கணையம் சுரக்கும் இன்சுலின். 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் அறிஞர்கள் இதனைப் பிரித்தெடுத்தனர்.

இயங்காத தசையோ சில வாரங்களிலேயே மெலியத் தொடங்குகிறது. நாளடைவில் அதனிடையே கொழுப்புப் படிகிறது. தூர்ந்த குளம் நீரை ஏற்காததுபோல, அத்தசை சர்க்கரையை முன்போல் ஏற்பதில்லை. இன்சுலினின் ஏவலுக்கும் எளிதில் இணங்குவதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு எனப்படும். கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுசெய்ய முயல்கிறது. அதுவும் இயலாதபோது நீரிழிவு தோன்றுகிறது. முன்பு அளவாயிருந்த உணவே இப்பொழுது மிகையாகிறது. உடல் எடை கூடாதிருக்கும்போதே கொழுப்பு மிகுதலும் உண்டு.

இதற்கு மாற்று வழியும் தசையிடமே உள்ளது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையின்றியும் சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். ஆதலின், கைவலிமை உள்ளோர் சக்கர நாற்காலியைத் தாமே உந்துதலும் எடை தூக்குதலும் நற்பயன் தரும். செயலற்ற கால்தசைகளையும் மருத்துவர் மேற்பார்வையில் சிறு மின்தூண்டலால் சுருங்கச் செய்தல் பலருக்கு இயலும். அளவான உணவும், காலந்தோறும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தலும் உடன் வேண்டும்.

பள்ளியிலும் அலுவலகத்திலும் படிகள் மட்டுமே இருப்பின், சக்கர நாற்காலியில் வருவோர் வாயிலிலேயே நின்றுவிட நேரும். அங்கே ஒரு சாய்வுப் பாதை அமைப்பவர், அவர்தம் கல்விக்கும் தொழிலுக்கும் மட்டுமன்றி, உடல்நலத்துக்கும் வழி திறந்தவர் ஆவார்.