ஒரு லட்சம் செல் தாள்களில் ஒரு ராமாயணம்

‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 1992இல் செய்து முடிக்கப்பட்ட ஜப்பானிய அனிமே திரைப்படம். ஓடும் நேரம் 135 நிமிடம். யூகோ சாகோ, கொய்ச்சி சசாகி, ராம் மோகன் ஆகிய மூவரும் இதன் இயக்குநர்கள். இசை வன்ராஜ் பாட்டியா. சுமார் 450 கலைஞர்கள் கையால் வரைந்து, ‘செல்’ எனப்படும் ஒளி ஊடுருவும் தாள்கள் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் வண்ணம் தீட்டி உருவாக்கிய படம் இது. இவ்வளவு உழைப்பு இருந்தும் இந்தியத் திரையரங்குகளில் பரவலாக வெளிவரும் வாய்ப்பு அதற்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. 2025 ஜனவரி 24 அன்றுதான் 4கே தரத்தில், தமிழ், தெலுங்கு, இந்தி மொழிமாற்றங்களோடு நாடெங்கும் திரைக்கு வந்தது. பழைய அனிமே ஒன்று மறதியிலிருந்து மீண்டதற்கும், அதன் பாணி எப்படி மூப்படைந்திருக்கிறது என்பதற்கும் இந்திய மண்ணோடு இவ்வளவு ஒட்டிய சான்று வேறில்லை.

படத்தின் விதை 1983இல் விழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் தொல்லியலாளர் பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க யூகோ சாகோ இந்தியா வந்தார். ராமாயணக் கதை அப்போதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயண நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். இதற்கிடையில், வெளிநாட்டவர் ஒருவர் ராமாயணத்தைத் தன் விருப்பப்படி படமாக்குகிறார் என்று தவறாகப் புரிந்துகொண்ட விசுவ இந்து பரிஷத், டெல்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. சாகோ நேரில் விளக்கினார். தெய்வப் பாத்திரங்களுக்கு நடிகர்களின் முகத்தைவிட ஓவியமே பொருந்தும் என்பது அவர் கருத்து. இந்திய அரசோடு கூட்டாகத் தயாரிக்கும் முயற்சி மட்டும் கைகூடவில்லை. ராமாயணத்தைக் கார்ட்டூனாகக் காட்டுவது நுட்பமான விவகாரம் என்று அரசுத் தரப்பு தயங்கியது. அயோத்திப் பிரச்சினை சூடேறிக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் ஜப்பானிய முதலீட்டில், ஜப்பானிலேயே படம் உருவானது.

இந்தியத் தரப்பின் தூண் ராம் மோகன். 1956இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் பயின்றவர். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்றவர். ஆடை, அணிகலன், கட்டடம், வணங்கும் முறை என எதிலும் இந்தியத் தன்மை பிசகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பில் இருந்தது. வேட்டியின் மடிப்பு நடக்கும்போது எப்படி விழும், பெரியவர் முன் இளையவர் எப்படி நிற்பார் என்பதெல்லாம் ஜப்பானிய ஓவியரின் கைக்குப் பழக்கமில்லாத அசைவுகள். இவை சரியாக அமைந்ததால்தான் படம் இன்றும் அந்நியமாகத் தெரிவதில்லை.

செல் முறையில் அனிமே எடுப்பது எப்படி என்பதை சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் வேலை பார்ப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். 2010இல் ரெனோ–நிசான் கூட்டு முயற்சியாக உற்பத்தியைத் தொடங்கிய ஆலையும் கொமாட்சுவும் ஒரகடத்தில் இருக்கின்றன. வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது. கைசன், 5எஸ், ரீவொர்க் போன்ற ஆலைச் சொற்கள் இங்கே ஷிஃப்ட் பேருந்தில்கூடக் காதில் விழும். பழைய அனிமே ஸ்டுடியோவும் இப்படிப்பட்ட ஓர் உற்பத்தி லைன்தான். முதன்மை ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். ஓவிய மேற்பார்வையாளர் ஒவ்வொன்றையும் சோதித்து, முகம் பாத்திரத்தின் சாயலிலிருந்து விலகியிருந்தால் மேலே வேறு நிறத் தாளை வைத்துத் திருத்தித் தருவார். பிறகு இடைநிலை ஓவியர்கள் நடுவிலுள்ள படங்களை நிரப்புவார்கள். மேற்பார்வையாளர் கண்ணில் தப்பிய கோணல், திரையில் பத்தடி உயரத்தில் நிற்கும்.

அனுமனின் ஒற்றைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பென்சில் கோடுகள் டிரேசிங் இயந்திரத்தில் நுழைந்து, ஒளி ஊடுருவும் அசிடேட் தாளின் முன்பக்கத்தில் கறுப்பாகப் பதியும். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கோட்டைத் தாண்டாமல் வழுவழுப்பாகத் தெரியும். ஒளிபடும் இடத்துக்கு ஒரு வண்ணம், நிழலுக்கு இன்னொன்று, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் படிப்படியான மாற்றம் கிடையாது. அந்தக் கூரான நிழல் விளிம்புதான் அக்கால அனிமேயை ஒரே பார்வையில் அடையாளம் காட்டுகிறது. ராமன், லட்சுமணன், அனுமன் மூவரும் தனித்தனித் தாள்களில் இருந்தால், அவற்றை அடுக்கிக் கேமராவின் கீழ் வைப்பார்கள். ஒவ்வொரு தாளும் சிறிதளவு ஒளியைக் குடித்துவிடும் என்பதால் அடியில் உள்ள உருவம் மங்கும்; வண்ணம் கலக்கும்போதே அதற்கு ஈடு செய்ய வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் 135 நிமிடப் படத்துக்கு 1,94,400 சட்டகங்கள். ஒவ்வொன்றும் கேமராவுக்கு முன் ஒருமுறை நின்றாக வேண்டும்.

அம்புகளும் அஸ்திரங்களும் ஒளிர்வதற்கு அக்கால அனிமேயில் தனி உத்தி இருந்தது. கறுப்புத் தாளில் ஒளி வேண்டிய வடிவத்தை மட்டும் வெட்டி எடுத்து, கீழேயிருந்து விளக்கைப் போட்டு, அதே படச்சுருளை இரண்டாம் முறை ஓட்டிப் படமெடுப்பார்கள். திரையில் தெரிவது வண்ணமல்ல, படச்சுருளைச் சுட்ட உண்மையான ஒளி. விளிம்பில் அது மெல்லக் கசிந்து பரவும். கணினியில் ஒரு வடிகட்டி தரும் பளபளப்புக்கு அந்தச் சூடு வருவதில்லை.

1992 டிசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அந்தச் சூழலில் ராமன் பெயர் தாங்கிய படத்தை வணிக ரீதியில் விற்பது எளிதாக இருக்கவில்லை. அருண் கோவில், அம்ரிஷ் புரி குரல் கொடுத்த இந்தி வடிவம் பின்னர் தொலைக்காட்சியில், குறிப்பாகக் கார்ட்டூன் நெட்வொர்க்கில், ஒளிபரப்பாகிப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, இதை ஜப்பானியர் எடுத்தார்களா என்று வியந்து தேடத் தொடங்கியதுதான் மறுவாழ்வின் உண்மையான தொடக்கம். சாகோ அதைப் பார்க்கவில்லை, 2012இல் காலமானார். ராம் மோகன் 2019இல் மறைந்தார்.

பாணி எப்படி மூப்படைந்திருக்கிறது? பின்னணி ஓவியங்களுக்கு வயதே ஆகவில்லை. போஸ்டர் கலரில் தீட்டிய காடு, ஆறு, கடற்கரை எல்லாம் பெரிய திரையில் தூரிகைத் தடத்தோடு தெரிகின்றன. பாத்திரங்களின் நிதானமும் அப்படியே. ராவணன் பெரும்பாலான காட்சிகளில் ஒரு தலையோடு, கோமாளித்தனம் இல்லாத அரசனாக வருகிறான். கம்பனின் ராவணனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்கும், கதைப்போக்கு வால்மீகியைப் பின்பற்றினாலும். மேலே சொன்ன ஸ்ரீபெரும்புதூர், வைணவ ஆச்சாரியர் ராமானுஜர் பிறந்த ஊரும்கூட. பெரிய திருமலை நம்பியிடம் ராமாயணத்தின் உட்பொருளை அவர் பயின்றதாக வைணவ குருபரம்பரை சொல்கிறது. ராமாயணத்தை அப்படிக் கேட்டுப் பழகிய மண்ணில் ஒரு ஜப்பானியப் படம் ஏளனமோ அலங்கார மிகையோ இல்லாமல் நிற்பது சாதாரண விஷயமில்லை.

மூப்பு தெரியும் இடங்களும் உண்டு. கூட்டக் காட்சிகளில் முன்னால் சிலர் அசைய, பின்னால் உள்ளவர்கள் உறைந்து நிற்கிறார்கள். பல காட்சிகளில் ஒரே படம் சில சட்டகங்களுக்கு நிற்பதால் அசைவு விட்டுவிட்டுத் தெரிகிறது. வேகமாக அசையும் இன்றைய அனிமேயில் வளர்ந்த கண்ணுக்கு இது தடங்கலாகப் படும். சீதையின் முகத்தில் 1980களின் அனிமே நாயகியின் அச்சு தெளிவாகத் தெரிகிறது. படம் முதலில் ஆங்கில உரையாடலோடு செய்யப்பட்டது. அதனால் தமிழின் நீண்ட வாக்கியங்கள் சில இடங்களில் உதடுகளுக்குள் அடங்காமல் திமிறுகின்றன. மூப்பு தெரியும் இடமெல்லாம் பணமும் நேரமும் மிச்சம் பிடித்த இடமாகவே இருக்கிறது. கைகள் நிறைய உழைத்த இடங்கள் மூப்படையவில்லை. 2025 மார்ச்சில் ஜப்பானிய அனிமே ஸ்டுடியோவான ஜிப்லியின் பாணியில் குடும்பப் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றிப் போடும் மோகம் ஊரெங்கும் பரவியது. அந்தப் பாணியின் பின்னால் எத்தனை மேசைகள், எத்தனை தூரிகைகள் இருந்தன என்பதை அறிய இந்தப் படம் நல்ல வழி.

இந்தியாவைத் தொட்ட பழைய அனிமே இது ஒன்றுதான் என்றில்லை. நிப்பான் அனிமேஷன் 1989இல் தொடங்கிய 52 பகுதி ‘ஜங்கிள் புக்’ 1993இல் தூர்தர்ஷனில் இந்தியில் வந்து, குல்சார் எழுதிய தலைப்புப் பாடலோடு ஒரு தலைமுறையின் ஞாயிறுகளை நிரப்பியது. 1968இல் வெளிவந்த பேஸ்பால் தொடரான ‘கியோஜின் நோ ஹோஷி’யை 2012இல் கிரிக்கெட்டாக மாற்றி ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’ என்று எடுத்தார்கள். சுஸுகி போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் ஆதரவும் அதற்கு இருந்தது. பழைய கதையைப் புதிய கோட்டில் வரைந்த அந்தத் தொடரைவிட, பழைய கோடுகளை அப்படியே மீட்ட ராமாயணம் கூடுதலாக நிலைத்திருக்கிறது.

மீட்பு வேலையில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. 35 மில்லிமீட்டர் படச்சுருளை 4கே தரத்தில் நகலெடுத்தால் செல் தாளில் ஒட்டிய தூசி, அடுக்கிய தாள்களின் மெல்லிய நிழல், படச்சுருளின் மணல் போன்ற துகள் எல்லாம் வெளியே வரும். தூசியை நீக்குவது நியாயம். துகளையும் சேர்த்து மழித்தால் கோட்டின் பென்சில் தன்மை போய், உருவங்கள் பிளாஸ்டிக் பொம்மைபோல ஆகிவிடும். செல் தாளுக்கும் படச்சுருளுக்கும் அடிப்படையான அசிடேட்டோ காலத்துக்குக் கட்டுப்பட்டது. வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, வினிகர் வாடை அடித்து, சுருங்கி, வண்ணத்தை உரித்துவிடும். ஜப்பானிலேயே கடைசிவரை செல் முறையில் தாக்குப்பிடித்த தொலைக்காட்சித் தொடர் ‘சசாயே-சான்’. 2013இல் அதுவும் கணினிக்கு மாறியது. புதிய செல் படம் வரப்போவதில்லை என்பதால், மூலப் படச்சுருளைக் குளிரிலும் வறட்சியிலும் வைத்துக் காப்பதே அடுத்த மறுவெளியீட்டுக்கான முன்தேவை.