இறக்கத்தில் பின்னுக்குச் சாயலாமா?

இலங்கையின் நமுனுகுல உச்சி 2,036 மீட்டர். பதுளை நகரம் ஏறத்தாழ 680. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், உச்சியிலிருந்து நகரம்வரை இறங்குகையில் வெளியேறும் ஆற்றல் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள, மிச்சச் சூடு பிரேக்குக்கு. பிடித்தபடியே இறங்காதே, விட்டு விட்டுப் பிடி என்று மலைச் சைக்கிள் பயிற்சியாளர் சொல்வது இதனால்தான். இடையில் பிரேக் தட்டு ஆறும்.

தேயிலைக்குள் வளையும் சரளைப் பாதையில் புதியவர் பயத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவார், முழங்கையை விறைப்பார். முன் சக்கரத்தில் பாரம் குறையும், கூடவே பிடிமானமும். ஹேண்டிலைத் திருப்பினாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு நேரே போகும். மிதிகளை மட்டமாக வைத்து, எழுந்து நின்று, மார்பைத் தாழ்த்தினால் பாரம் இரண்டு சக்கரத்துக்கும் பிரியும்.

வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னால். டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் எடுத்ததுபோக மிச்சம்தான் திரும்புவதற்கு.

படித்தே தெரிந்துகொள்ளலாமே, பயிற்சியாளர் எதற்கு? நம் முதுகு நமக்குத் தெரியாதே! நன்றாகக் குனிந்ததாக நினைப்பவர், போனில் எடுத்த வீடியோவில் விளக்குக் கம்பம்போல நிற்பார். ஒரே வளைவில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்பவரிடம் போங்கள்.