உருளைக்கிழங்கோடு கீரையும் சேரட்டும்

உருளைக்கிழங்கு எல்லோருக்கும் தெரிந்த கிழங்கு. வட இந்தியாவில் இதை ஆலு என்பார்கள். உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்காளத்திலும் இது ஏராளமாக விளைகிறது. குளிர் காலம் முடியும்போது புதுக் கிழங்கு சந்தையில் வந்து குவியும். விலை இறங்கும். அப்போது ஏழை வீடுகளில் தினமும் ஆலுதான். காலையில் ரொட்டியும் ஆலுவும். இரவிலும் ரொட்டியும் ஆலுவும்.

வயிறு நிறைகிறது. உடம்புக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கிறதா?

வயிறு நிறைந்தால் போதுமா?

உருளைக்கிழங்கில் மாவுச் சத்து அதிகம். ரொட்டியிலும் மாவுச் சத்துதான் அதிகம். மாவுச் சத்து வேலை செய்யத் தெம்பு தரும். ஆனால் ரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். அது கிழங்கில் மிகவும் குறைவு.

இரும்புச் சத்து குறைந்தால் ரத்தசோகை வரும். சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். தலை சுற்றும். கண் இமையின் உள்பக்கம் வெளுத்துப் போகும். கர்ப்பிணிக்கு ரத்தசோகை இருந்தால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து வரலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேருக்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று அதில் தெரிந்தது. பாதிக்கும் மேல்!

ஆலுவை விட வேண்டாம். அதோடு கீரையும் காயும் சேர்ப்போம். குளிர் காலத்தில் வெந்தயக்கீரை, கேரட், பச்சைப் பட்டாணி எல்லாம் சந்தைக்கு வரும். வெந்தயக்கீரையை அங்கே மேத்தி என்பார்கள். ஆலுவும் மேத்தியும் சேர்ந்த கறி வட இந்திய வீடுகளில் பழக்கமானதுதான்.

தேவையான பொருட்கள் (ஐந்து பேருக்கு)

உருளைக்கிழங்கு அரை கிலோ
வெந்தயக்கீரை 2 கட்டு
கேரட் 2
உரித்த பட்டாணி 1 கிண்ணம்
வெங்காயம் 2
பச்சை மிளகாய் 2
பூண்டு 4 பல்
சீரகம் 1 தேக்கரண்டி
மஞ்சள் தூள் சிறிது
எண்ணெய் 4 தேக்கரண்டி
எலுமிச்சம்பழம் 1
அயோடின் உப்பு தேவையான அளவு

செய்முறை

கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். மெல்லிய தோலைச் சீவ வேண்டாம். பச்சை நிறம் பிடித்த கிழங்கைச் சமைக்கக் கூடாது. அதில் நஞ்சு உண்டு. வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெயில் படும் இடத்தில் கிழங்கை வைத்தால் பச்சை பிடிக்கும். இருட்டில், காற்றோட்டமாக வையுங்கள்.

கீரையை மூன்று தண்ணீரில் அலசி, பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். கிழங்கையும் கேரட்டையும் சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

இரும்புச் சட்டி இருந்தால் அதில் சமைப்பது நல்லது. சட்டியின் இரும்பு சிறிதளவு உணவில் சேரும். எண்ணெய் காய்ந்ததும் சீரகம் போடுங்கள். அது பொரிந்ததும் பூண்டு, மிளகாய், வெங்காயம் போட்டு வதக்குங்கள். கிழங்கு, கேரட், பட்டாணி, மஞ்சள் தூள், உப்பு சேர்த்துக் கிளறுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். தீ சிறிதாக இருக்கட்டும். அடிபிடிக்காமல் நடுநடுவே கிளறுங்கள்.

கிழங்கு வெந்ததும் கீரையைப் போடுங்கள். ஐந்து நிமிடம் கிளறி, மூடியைத் திறந்தபடி விடுங்கள். அடியில் லேசாகச் சிவந்ததும் இறக்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதன் பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

எலுமிச்சை எதற்கு?

கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் எளிதாகச் சேராது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி அதைச் சேர வைக்கும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் அந்த வைட்டமின் குறையும். அதனால்தான் இறக்கிய பிறகு பிழிகிறோம்.

சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து சேருவது தடைபடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

கேரட் கண்ணுக்கு நல்லது. இந்தக் கறியோடு ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டால் உடல் வளரத் தேவையான புரதமும் கிடைக்கும்.

சமைத்தவருக்கும் பங்கு வேண்டும்

பல வீடுகளில் ஆண்களும் குழந்தைகளும் முதலில் சாப்பிடுகிறார்கள். சமைத்த பெண் கடைசியில் சாப்பிடுகிறாள். அப்போது சட்டியில் மிஞ்சுவது என்ன? ஒட்டிய மசாலாதான்.

மாதவிலக்கில் ரத்தம் இழப்பவள் பெண். வயிற்றில் குழந்தையைச் சுமப்பவளும் பெண்தான். அவளுக்குத்தான் இரும்புச் சத்து அதிகம் வேண்டும். பரிமாறும் முன்பே எல்லோருக்கும் பங்கு எடுத்து வையுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது.

ரத்தசோகை முற்றியிருந்தால் உணவு மட்டும் போதாது. அரசு சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதிக்கலாம். கர்ப்பிணிகளுக்கு அங்கே இரும்புச் சத்து மாத்திரை இலவசம். அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

பேசுவோம்

1. கீரையைக் கழுவிய பிறகு ஏன் நறுக்க வேண்டும்?
2. எலுமிச்சம்பழத்தை எப்போது பிழிய வேண்டும்?
3. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?