தறி நெய்த தாயின் மகன்

தென்னமெரிக்காவில் ஆர்ஜென்டீனாவின் சான் ஹுவான் நகரில், பவுலா அல்பராசின் என்ற பெண் திருமணத்திற்கு முன்பே ஒரு வீடு கட்டினார். அத்திமரத்தின் கீழ் தறி போட்டு, துணி நெய்து விற்ற பணத்தில் 1801இல் எழுந்த மண்வீடு அது. பின்னர் சுதந்திரப் போர்க் காலத்தில் கணவர் பெரும்பாலும் வீட்டில் இல்லை. அப்போதும் அடுப்பெரிந்தது அந்தத் தறியால்தான். பெண் உழைப்பில் நிமிர்ந்த குடும்பங்களை நாமும் அறிவோம் அல்லவா?

அந்த வீட்டில் 1811இல் பிறந்தவர்தான் டொமிங்கோ சார்மியெந்தோ. 1823இல் தலைநகரில் படிக்க ஏழைப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் சீட்டுக் குலுக்கியதில் அவருடைய பெயர் விழவில்லை. கல்வி அதிர்ஷ்டத்தால் கிடைப்பதாக இருக்கக்கூடாது என்று பிற்காலத்தில் அவர் ஓயாமல் வாதாடியதற்கு இந்த ஏமாற்றமும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. கிடைத்த நூல்களைத் தானாகவே படித்தார். பதினைந்து வயதிலேயே ஒரு கிராமத்தில் பெரியவர்களுக்கும் எழுத்தறிவித்தார்.

1839இல் சொந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். அடுத்த ஆண்டே அரசியல் பகையால் சிலி நாட்டில் அகதியானார். அங்கு 1842இல் ஆசிரிய கலாசாலை ஒன்றின் முதல் அதிபரானார். 1849இல் மக்கள் கல்வி பற்றிய நூலை வெளியிட்டார். தாயின் தறியையும் அத்திமரத்தையும் பற்றி எழுதிய நினைவு நூல் 1850இல் வந்தது.

நாடு திரும்பியபின் அவர் துணைநின்றவர்களில் குவானா மான்சோ முக்கியமானவர். கணவர் கைவிட, இரண்டு பெண்பிள்ளைகளோடு தனித்து வாழ்ந்த எழுத்தாளர் இவர். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பாடசாலையொன்றை 1859இல் இவருடைய பொறுப்பில் விட்டார் சார்மியெந்தோ. ஊர் ஏளனம் செய்தது. மான்சோ 1875இல் இறக்கும்வரை கல்விப் பணியை விடவில்லை.

1866இல் பராகுவே போரில் சார்மியெந்தோவின் வளர்ப்பு மகன் டொமிங்கித்தோ இறந்தான். வயது 21. தந்தை அப்போது அமெரிக்காவில் தூதுவர். 1868 முதல் 1874 வரை சனாதிபதியாக இருந்தபோது, அமெரிக்காவிலிருந்து ஆசிரியைகளை அழைத்தார். அவருக்குப் பின்னும் தொடர்ந்து, 1898க்குள் அறுபதுக்கு மேற்பட்டோர் வந்தனர். பரானா நகர்க் கலாசாலை 1871இல் திறக்கப்பட்டது.

ஒன்றை மறைக்கக்கூடாது. கல்வியை எல்லோருக்கும் கேட்ட இவரே, ஆதிக்குடிகளையும் கௌச்சோ என்னும் மேய்ச்சல் மக்களையும் நாகரிகமற்றோர் என இகழ்ந்து எழுதினார். 1863இல் அவர்களின் தலைவர் ஒருவர் சரணடைந்தபின் கொல்லப்பட்டதையும் ஆதரித்தார். அந்த மக்களின் தாய்மாரும் தறி நெய்தவர்களே.

6 முதல் 14 வயதுவரை ஆண், பெண் இருபாலாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 1884இல் வந்தது. நான்கு ஆண்டுகளின் பின் செப்டெம்பர் 11இல் அவர் காலமானார். ஆர்ஜென்டீனாவில் அந்த நாள்தான் ஆசிரியர் தினம்.