ஒரு கணவாய், இரண்டு பறவைகள்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் மலை ஏறுவதே இல்லை. சுமார் 1,600 கி.மீ. நீளும் மேற்குத் தொடர்ச்சி மலை, அந்த இடத்தில் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. பொள்ளாச்சிக்கு ஆடிக் காற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பாலக்காட்டுக் கணவாய்தான். நமக்கு இது வழி. உச்சிச் சோலைகளில் வாழும் சிறு பறவைகளுக்கோ இது கடல்.

நீலகிரியில் சோலைக்கிளி என்றொரு பறவை உண்டு. பெயரில்தான் கிளி, உறவுமுறைப்படி ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். இருண்ட சோலையின் அடித்தளத்தில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். மேலே கருநீலம், விலாவில் செம்பழுப்பு. கணவாயைத் தாண்டி ஆனைமலைக்கோ பழனி மலைக்கோ போனால், அதேபோன்ற சோலையில் அதே வேலையைச் செய்யும் பறவையின் விலாவிலும் நீலம்; செம்பழுப்பைக் காணோம். இரண்டையும் ஒரே இனமாகவே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள்.

இவற்றுக்குக் குளிரும் ஈரமும் வேண்டும். கணவாயின் தரையோ கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்கூட உயராத வெக்கை நிலம். சிறகு இருந்தும் கடப்பதில்லை. வழியில் நிழலும் இல்லை, இரையும் இல்லை. இப்படிப் பல லட்சம் ஆண்டுகள் இரு பக்கமும் கலக்காமல் இருந்ததில், தலைமுறைக்குத் தலைமுறை தோன்றிய சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் அந்தந்தப் பக்கத்திலேயே தங்கிச் சேர்ந்தன. நிறம் மாறியது, பாட்டும் மாறியது.

தெற்கே செங்கோட்டைக் கணவாயும் இதையே செய்திருக்கிறது. ஆய்வாளர் வி.வி.ராபின் குழுவினர் மரபணுவை ஒப்பிட்டு, அதற்கும் தெற்கேயுள்ள அசம்பு மலைச் சோலைக்கிளியைத் தனி இனமாக 2017-இல் அறிவித்தார்கள். அதே ஆய்வில் சோலைச் சிரிப்பான் என்ற பறவைகளும் நான்கு இனங்களாகப் பிரிந்தன.

காகத்துக்கும் மைனாவுக்கும் இந்தக் கணவாய் ஒரு பொருட்டே இல்லை. ஒரு நிலம் தடையா, பாதையா என்பதை அந்தந்த உயிரின் தேவைதான் முடிவு செய்கிறது. செங்குத்துப் பாறைகளை நம்பி வாழும் வரையாடு கணவாய்க்கு இருபுறமும் மரபணுவில் வேறுபடுகிறது. அதுகூடப் புரிகிறது. நெடுந்தூரம் நடக்கிற யானையும் அப்படியே வேறுபடுவதுதான் வியப்பு!

கணவாய்கள் பிரித்தது இருக்கட்டும், கண்டங்கள் பிரித்த கதையும் இந்த மலையில் உண்டு. ஆண்டில் சில நாள் மட்டும் மண்ணுக்கு மேலே வரும் ஊதாத் தவளையை 2003-இல் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர் இருப்பது இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில். தவளை கடலை நீந்திக் கடக்கவில்லை; ஒன்றாயிருந்த நிலம்தான் பிளந்து விலகியது.

இப்போது நாமும் கணவாய்களை வெட்டிக்கொண்டிருக்கிறோம். தேயிலை, தைலமரம், சீகை என்று தோட்டங்கள் பரவியதில் ஒரே மலையின் சோலைகள் துண்டு துண்டாகிவிட்டன. துண்டுகளுக்கிடையே சோலைக்கிளிகளின் மரபணுக் கலப்பு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால் இனங்கள் பெருகும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். புது இனம் உருவாக நீண்ட காலம் வேண்டும். சிறு துண்டில் சிக்கிய சிறு கூட்டம் புது இனமாவதற்கு முன்பே அழிந்துபோகும் வாய்ப்புதான் அதிகம்.